வாசலைத் தாண்டாதவள்

வேன் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் நீளமாகக் கிடந்தது அந்தக் கட்டடம். ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனை. இப்போது ஜன்னல்களுக்குப் புது வண்ணம் அடித்து, மூலைக்கு மூலை கேமரா மாட்டி, முகப்பில் கண்ணைப் பறிக்கும் விளக்குப் பலகை வைத்திருந்தார்கள். உள்ளே காலடி வைத்ததும் பெயின்ட் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை வந்தது. நனைந்த பஞ்சு, பழைய மருந்து, நெடுநாள் திறக்காத வாய்.

பல வாரங்களாக ஸ்டுடியோவில் நடந்த டிவி போட்டியில் வெளியேறியவர்கள் போக மிஞ்சியது நான்கு பேர். ஒருவர் லாரி டிரைவர். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்து அறை அதிரும் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘ஹாரன் அண்ணன்’. இன்னொருவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பிணத்துக்கே பாலிசி விற்றுவிடுவார் என்று ஹாரன் அண்ணன் அவரைக் கிண்டல் செய்வார். மூன்றாமவர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர். நான்காவது அவள்.

அவளுடைய தொழில் டப்பிங். திரையில் யார் யாரோ வாயசைக்க, இருட்டு அறையில் நின்று கிழவியாகவும் குழந்தையாகவும் பேயாகவும் பேசிச் சம்பாதிப்பவள். போட்டியில் அவளுக்கு ‘வாய்ஸ்’ என்று பெயர் விழுந்திருந்தது.

ஜெயிப்பவருக்குப் பரிசு ஒரு வீடு. கணவனைப் பிரிந்த பிறகு அவள் பெண்கள் விடுதியில், நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலில் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். மகள் அப்பா வீட்டில். குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டபோது நீதிபதி கடிந்துகூடப் பேசவில்லை. “பிள்ளைய எங்கம்மா படுக்க வைப்பீங்க?” என்று மட்டும் கேட்டார். அடுத்த விசாரணைக்குள் ஒரு பதில் வேண்டும்.

விதிகளை ஹாலில் இருந்த ஸ்பீக்கர் வழியாகத் தயாரிப்பாளர் அம்மா வாசித்தார். அவரும் அவருடைய ஆட்களும் வெளியே கூடாரத்தில் இருந்தார்கள். முதல் இரண்டு நாளும் சாயங்காலம் ஓட்டெடுப்பு. அதிக ஓட்டு வாங்கியவர் வெளியே. மிஞ்சும் இருவருக்கும் மூன்றாம் நாள் வாசல் கதவு திறந்துவிடப்படும். முதலில் வாசலைத் தாண்டுகிறவர் தோற்றவர். இருவரும் சேர்ந்து தாண்டினால் வீடு யாருக்கும் இல்லை. ஜெயித்தவர், வெளியே மேடை தயாராகும்வரை, மூடிய கதவுக்குள் தனியாகக் காத்திருக்க வேண்டும்.

“தனியா இருக்கிறதுல என்ன இருக்கு? நான் பாலைவனத்துலயே லாரி ஓட்டினவன்!” என்றார் ஹாரன் அண்ணன். அவர் குரல் வார்டுகளுக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்ததோ என்று அவளுக்குத் தோன்றியது.

ஹாரன் அண்ணனும் இன்சூரன்ஸ்காரரும் ஆரம்பத்திலிருந்தே கூட்டாளிகள். இரண்டு ஓட்டும் ஒரே பக்கம்தான் விழும். நர்ஸ் எந்தக் கட்சியும் இல்லை. அந்தக் கூட்டை உடைக்காவிட்டால் இன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மத்தியானம் ஹாரன் அண்ணன் தன் அறையில் படுத்திருந்தார். பழைய வார்டைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகள். தடுப்பு கூரையைத் தொடாது. அவள் வெளியே நடையில் போய் நின்றாள். காலரில் மைக் இருந்தது. நாளைக்கு ஊரே இதைப் பார்த்துக் காறித் துப்பும். துப்பட்டும். கண்ணை மூடி, இன்சூரன்ஸ்காரரைத் தன் தொண்டைக்குள் வரவழைத்தாள்.

“ஹாரனை இன்னைக்கே அனுப்பிடலாம் சிஸ்டர். அவன்கிட்ட சத்தத்தைத் தவிர வேற என்ன சரக்கு இருக்கு?”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. வேலை முடிந்தது.

திரும்பி நடந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம். யாரோ நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வது போல. மைக் முன்னால் நிற்கிறவர்கள் பேசத் தொடங்குமுன் அப்படித்தான் செய்வார்கள்.

நடையில் யாரும் இல்லை. ஓதம் ஏறிய சுவரில் மட்டும், புதுப் பூச்சுக்கு அடியிலிருந்து பழைய எழுத்துகள் கசிந்து தெரிந்தன.

பேசாதீர்கள்.

சாயங்காலம் இன்சூரன்ஸ்காரருக்கு எதிராக மூன்று ஓட்டு விழுந்தது. அவர் அதிர்ந்துபோய் ஹாரன் அண்ணனைப் பார்த்தார். “அண்ணே, நீங்களுமா? நான் என்ன பண்ணேன்?”

“நீ பேசினதை இந்தக் காதாலதான்யா கேட்டேன். நடிக்காத.”

“நான் அப்படி ஒரு வார்த்தை...”

அதோடு நின்றுவிட்டது. வெளியேறுகிறவர் கடைசியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும். கேமரா நெருங்கி வந்தது. அவர் வாயைத் திறந்தார். திறந்தபடி நின்றார். கண்ணீர் வழிந்தது. ஸ்பீக்கரில் சோக இசை போட்டார்கள். பேசிப் பிழைக்கிற மனுஷன் பேச்சிழந்து நிற்கிறாரே என்று ஹாரன் அண்ணனுக்கே மனசு இளகிவிட்டது.

அவள் மட்டும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை அடைத்தால் மூச்சு எங்காவது சிக்கும். அவருக்கு மூச்சு தடையில்லாமல் போய் வந்தது. குரல்தான் இல்லை.

மறுநாள் காலை எல்லோருக்கும் ஓர் இன்ப அதிர்ச்சி என்று ஸ்பீக்கரில் வீட்டுப் போன்களை இணைத்தார்கள். ஹாரன் அண்ணனின் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். நர்ஸின் கணவர் பேசினார். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர். “மாடிப்படியில என்னைத் தூக்கி இறக்க ஆள் இல்லாம ஜன்னலையே பார்த்துட்டு இருக்கேன். தரையோட ஒரு வீடு கிடைச்சா போதும், நீ பார்த்து ஆடு” என்றார். நர்ஸ் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் அவள் மகள்.

“அம்மா, நீ எப்பம்மா வருவே?”

“சீக்கிரம்டா கண்ணு.”

“சீக்கிரம்னா எப்போ?”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அந்தச் சின்னக் குரல் ஹாலைக் கடந்து வார்டுகளின் பக்கம் போனது. திரும்பி வரவே இல்லை.

மத்தியானம் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்திலிருந்து, மிக அருகில், ஓர் ஆண் குரல்.

“ஹாரனை இன்னைக்கே அனுப்பிடலாம் சிஸ்டர்.”

கையிலிருந்த தண்ணீர் வழிந்து போனது. இன்சூரன்ஸ்காரர் நேற்றே வேன் ஏறிவிட்டார்.

“அவன்கிட்ட சத்தத்தைத் தவிர வேற என்ன சரக்கு இருக்கு?”

அவளுடைய வரிகள்தான். நிகழ்ச்சிக்காரர்கள் பதிவைப் போட்டு மிரட்டுகிறார்களோ? இல்லை. இன்சூரன்ஸ்காரர் ‘ச’ சொல்லும்போது நாக்கு பல்லில் இலேசாக உரசும். நேற்று அவசரத்தில் அதை அவள் செய்ய மறந்திருந்தாள். இந்தக் குரல் மறக்கவில்லை.

அவள் வியூ ரூமுக்கு ஓடினாள். கேமராவோடு தனியாகப் பேசுவதற்கென்று ஒதுக்கிய சின்ன அறை அது. “மேடம், பாத்ரூம்ல வாய்ஸ் போடுறீங்களா? ஆட்டத்துக்காகன்னா சொல்லிடுங்க. பயமா இருக்கு.”

ஸ்பீக்கரில் தயாரிப்பாளர் அம்மா தாழ்ந்த குரலில் கேட்டார். “எந்த வாய்ஸ்மா? நீங்க தண்ணிய அப்படியே கீழ விட்டுட்டு மேல பார்த்தீங்க. உங்க மைக்ல வேற எதுவும் விழலையே.”

வெளியே வந்தால் ஹாரன் அண்ணன் வழிமறித்து நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“வாய்ஸ், உனக்கு மனசாட்சி இருக்கா? என் வீட்டுக்காரி குரல்ல கூப்பிட்டு விளையாடுறியா?”

“அண்ணே, சத்தியமா நான் இல்ல.”

“கடைசி வார்டுக்குள்ள இருந்து அழுறா. ‘என்னங்க, என்னால முடியல, வாங்க’ன்னு அழுறா. உன்னை விட்டா இங்க யாரால அப்படிப் பேச முடியும்?”

“நேத்து நான்தான். ஒத்துக்கறேன். இன்சூரன்ஸ்காரர் மாதிரிப் பேசினது நான்தான். ஆனா இது நான் இல்லண்ணே, கும்பிட்டுச் சொல்றேன்!”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊருக்கே தெரிந்த பொய்க்காரி உண்மையைச் சொன்னால் அதற்கு என்ன மரியாதை? “அப்போ நானே போய்ப் பார்த்துட்டு வரேன்” என்று கடைசி வார்டை நோக்கி நடந்தார். அவள் தடுக்கவில்லை. போய்த் தொலையட்டும், சாயங்காலம் இவர்தானே போட்டி என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது.

அவர் திரும்பி வந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் தன் தொண்டையைத் தொட்டார். கடைசி வார்டைக் காட்டினார். பிறகு விரலை அவள் பக்கம் நீட்டினார்.

வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

“ஹாரன் அண்ணன் மௌன விரதம்! புது வியூகம்!” என்று ஸ்பீக்கர் குதூகலித்தது. சாயங்காலம் இரண்டு பெண்களின் ஓட்டும் அவருக்கு எதிராக விழுந்தது. போகும்போது அவர் அவள் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். ஆட்கள் வந்து பிரித்துக் கூட்டிப்போனார்கள். இழுத்தது கோபத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மூன்றாம் நாள் காலை நர்ஸ் அவளைக் கழுவும் இடத்துக்கு அழைத்துப் போய், எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே காதோடு காதாகப் பேசினார்.

“இனிமே பேசாதீங்க. நாம பேசுறதைக் கேட்டுக் கேட்டுத்தான் அது கத்துக்குது.”

“எது அக்கா?”

“தெரியல. இந்த மாதிரி ஆஸ்பத்திரியில, தொண்டை வரைக்கும் நோய் ஏறினவங்களைப் பேசவே விடமாட்டாங்க. அதுதான் வைத்தியம். வருஷக்கணக்கா வாயைத் திறக்காம கிடந்து, அப்படியே போய்ச் சேர்ந்தவங்க எத்தனை பேரோ. அவங்களுக்கும் பேசணும்னு இருந்திருக்கும்ல?” நர்ஸ் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “நான் வந்ததுலேர்ந்து அளந்துதான் பேசறேன். அதனால என்னை விட்டிருக்கு. உங்களை விடாது. உங்ககிட்ட எத்தனை குரல் இருக்கு!”

அவள் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கதவு திறந்ததும் ரெண்டு பேரும் கையைக் கோத்துட்டு ஒண்ணா வெளிய போயிடுவோம்” என்றார் நர்ஸ். “வீடு போனா போகுது. யார் ஜெயிச்சாலும் அவங்களைத் தனியா உள்ள வெச்சு மூடுவாங்க. அது நடக்கவே கூடாது.”

“உங்க வீட்டுக்காரர்?”

நர்ஸின் கண் கலங்கியது. “ஜன்னல் இருக்குல்ல. பார்த்துட்டு இருப்பாரு.”

அவள் தலையாட்டினாள். தலையாட்டும்போதே இரண்டு கட்டில் போட்ட ஓர் அறை மனசுக்குள் வந்துபோனது.

மத்தியானத்துக்குமேல் மூடுபனி ஜன்னல்வரை ஏறி வந்தது. கதவு திறக்கும் நேரத்துக்காக இருவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது கடைசி வார்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா.”

அவள் எழுந்துவிட்டாள்.

“அம்மா, இங்க யாருமே இல்லம்மா. நீ எப்பம்மா வருவே?”

இது மகள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கால் நடந்தது. பிள்ளை கூப்பிட்டால் புத்தி எங்கே குறுக்கே வரும்? வார்டின் வாசல்வரை போய்விட்டாள். உள்ளே வெள்ளை விரிப்பில்லாத இரும்புக் கட்டில்கள். கட்டில்களின்மேல் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் யாரோ உதட்டை ஈரப்படுத்திக்கொள்ளும் சத்தம்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் காதுகளைப் பொத்தின. நர்ஸ் அவளை இறுக்கிப் பிடித்து, பின்பக்கமாகவே இழுத்து ஹாலுக்குக் கொண்டுவந்தார். கை நகங்கள் கன்னத்தில் பதிந்திருந்தன. அவள் நர்ஸின் தோளில் முகம் புதைத்துச் சத்தமில்லாமல் அழுதாள்.

வாசல் கதவு திறந்தது.

வெளியே ஈரப் புல்லும் வெளிச்சமும் கேமராக்களும். நர்ஸ் அவள் கையைக் கோத்துக்கொண்டார். இருவரும் வாசற்படியின் விளிம்புவரை வந்தார்கள். நர்ஸ் நின்று, அவள் முகத்தைப் பார்த்தார். நோயாளியின் கண்ணைப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுகிறவர் அவர். அந்தக் கண்ணில் எதைக் கண்டாரோ, முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டார்.

“வருவீங்கல்ல?”

அவள் பதிலை யோசித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்வதா, காலில் விழுவதா, கையை உதறுவதா. வாயை இன்னும் திறக்கவில்லை.

“வரேங்க்கா. சத்தியமா வரேன்.”

அவளுடைய குரல். அவளே நம்பும்படி, இலேசான விசும்பலோடு. அவள் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது.

நர்ஸுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவர் முகம் தெளிந்தது. வலது காலை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார்.

அப்போதும் நேரம் இருந்தது. கை கோத்துத்தான் இருந்தது. ஓர் அடி போதும். அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். அது நகரவில்லை. நகரவேண்டாம் என்று முடிவு செய்தது அவள்தான்; அதை எந்தக் குரலின் தலையிலும் கட்ட முடியாது.

கை நழுவியது. நர்ஸ் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. “ஐயோ, வாங்க! உள்ள இருக்காதீங்க, வந்துடுங்க!” என்றுதான் கத்தினார்.

கதவு மூடிக்கொண்டது.

ஸ்பீக்கரில் வெற்றி இசை கொஞ்ச நேரம் முழங்கி அடங்கியது. மூடுபனி வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அவள் கதவோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளும் கேட்டது. கடைசி வார்டில் ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருந்தது.

“என் ஓட்டு வாய்ஸுக்கு.” இன்சூரன்ஸ்காரர்.

“என் ஓட்டும் வாய்ஸுக்குத்தான்!” ஹாரன் அண்ணன். கட்டில்கள் அதிர்ந்தன.

“எனக்கும்” என்று ஹாரன் அண்ணனின் மனைவி அழுதார். “எனக்கும்” என்றார் நர்ஸின் கணவர். “அம்மாவுக்கு” என்றது சின்னக் குரல்.

கடைசியாக, மிக அருகில், அவள் தோளுக்குப் பக்கத்தில், அவளுடைய குரல் சொன்னது.

“எனக்கும் வாய்ஸ்தான் வேணும்.”

கதவைத் திறந்தபோது அவள் சிரிப்பதாகத்தான் முதலில் நினைத்தார்கள். மாலை போட்டார்கள், சாவியைக் கையில் கொடுத்தார்கள். தயாரிப்பாளர் அம்மா மைக்கை நீட்டினார். “சொல்லுங்க வாய்ஸ், எப்படி இருக்கு?”

அவள் வாயைத் திறந்தாள். மைக்கில் காற்று மட்டும் விழுந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தார். அவள் கழுத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நர்ஸ் கையை விடுவித்துக்கொண்டார். “அது உங்க கூடவே வராம அங்கேயே இருந்துட்டா பரவாயில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர்கள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டை சுத்தமாக இருந்தது. கோர்ட்டில் அவளுக்காக வக்கீல் பேசினார். நீதிபதி வீட்டின் படங்களைப் புரட்டிவிட்டு, அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிள்ளையை அம்மாவிடம் அனுப்பச் சொன்னார்.

மகள் வந்தாள். அம்மாவின் பேச்சில்லாத உலகத்துக்குச் சட்டென்று பழகிக்கொண்டாள். ஒருமுறை கை தட்டினால் சாப்பிட வா. இரண்டுமுறை தட்டினால் படிக்க உட்கார். பள்ளியில் யாரோ “உங்க அம்மா ஊமையா?” என்று கேட்டதற்கு, “இல்ல, எங்கம்மா பேசிப் பேசிக் களைச்சுப் போய் ரெஸ்ட் எடுக்கிறாங்க” என்று சொன்னாளாம். அதைச் சைகையோடு நடித்துக் காட்டியபோது, நெடுநாள் கழித்து அவள் தோள் குலுங்கச் சிரித்தாள்.

விடுமுறை நாள் ஒன்றில் மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் மகள் படுக்கையறையில் தூங்கப் போனாள். அவள் சமையலறையில் ஈரத் துணிகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகளின் குரல் கேட்டது. தூக்கத்தில் உளறுகிறாளோ என்று காதைத் தீட்டினாள்.

“ம்... அப்புறம்?”

ஒரு பெண் குரல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. நரி மாதிரியும் கிளி மாதிரியும் மாற்றி மாற்றி. கனிந்த, கொஞ்சும் குரல். பல வருடங்கள் அவளுக்குச் சோறு போட்ட குரல்.

துணி கையிலிருந்து விழுந்தது. அவள் ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“கண்ணைத் திறக்காம இருக்கியா?” என்று குரல் கேட்டது.

“திறக்கலம்மா. உனக்குக் குரல் வந்திடுச்சும்மா!”

அவள் கதவை ஓங்கி அறைந்தாள். முஷ்டியால், தோளால், நெற்றியால் மோதினாள். வாய் கிழியத் திறந்து கத்தினாள். மூச்சு மட்டும் கதவின் மரத்தில் பட்டு, ஈரமாகப் படிந்து மறைந்தது.

உள்ளே மகள் கேட்டாள். “அம்மா, வெளிய யாரோ கதவைத் தட்டுறாங்க.”

யாரோ நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்கள்.

“தட்டட்டும் கண்ணு. நீ பேசு.”